கொரிய எழுத்தை நிரலில் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரிய மொழியின் எழுத்து முறையான ஹங்குலில் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிய அசை. முதலில் ஒரு மெய், பிறகு உயிர், சில அசைகளில் அடியில் இன்னொரு மெய்.

திரையில் ஒன்றாகத் தெரிவது கணினிக்கும் ஒன்றுதான் என்று நம்புவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. 'ஹன்' என்ற அசையை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் 54620 என்ற ஒரே எண்ணாக எழுதலாம். ஹ், அ, ன் என மூன்று எண்களாகவும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசமே இருக்காது. ஆனால் அந்த எண்களைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8-இல் முன்னதற்கு 3 பைட், பின்னதற்கு 9. மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அப்படி வந்த கோப்பை விண்டோஸில் திறந்தால் பெயர் உதிரி எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும், தேடினாலும் சிக்காது. ஒப்பிடுவதற்கும் சேமிப்பதற்கும் முன்பே, பிரிந்தவற்றை ஒரே எண்ணாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அசையைச் சேர்க்கவும் பிரிக்கவும் பெரிய அட்டவணை போடுவது வீண் வேலை, கணக்கே போதும். முதல் மெய் 19, உயிர் 21, அடி மெய் 27. அடி மெய் இல்லாத நிலையையும் சேர்த்தால் 28. பெருக்கினால் 11,172 அசைகள், 44032-இலிருந்து வரிசையாக. வரிசை எண்ணைச் சுழியத்திலிருந்து எண்ண வேண்டும், பலர் சறுக்குவது அங்கேதான். ஹ் 18, அ 0, ன் 4. அப்புறம் (18×21+0)×28+4, அதோடு 44032. விடை 54620.

அரட்டையில் சிரிப்புக்குத் தட்டும் தனி மெய்கள் வேறு தொகுதி. என்எஃப்சி அவற்றை அசையாக ஒட்டாது. அதன் தளர்வான வகையான என்எஃப்கேசி, அந்தத் தொகுதியில் ஹ், அ, ன் என்று தட்டியதை ஒட்டப் பார்க்கும்; ஆனால் கடைசி 'ன்'னை அடி மெய்யாக எடுக்காமல் அடுத்த அசையின் முதல் மெய்யாக்கிவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பழைய கோப்புகளில் இன்னொரு வம்பு. 1987-இன் கொரிய எழுத்துக் குறியீட்டுத் தரத்தில் இருந்தவை 2,350 அசைகள் மட்டுமே. மீதி 8,822-ஐ மைக்ரோசாஃப்ட் தன் குறியாக்கமான சிபி949-இல் சேர்த்தது. இடமில்லாமல் வேறு பகுதியில் திணித்ததால், பைட் வரிசைப்படி அடுக்கினால் அகராதி வரிசை குலையும். அந்தப் பழைய தரத்தின் குறியாக்கமான இயூசி-கேஆர் என்று சொல்லி வரும் கோப்பு பல நேரம் சிபி949-ஆகவே இருக்கும். சிபி949 என்றே திறவுங்கள், பழைய 2,350-உம் அதில் அதே இடத்தில்தான் இருக்கின்றன.