பாம்பே டோஸ்ட்டில் சீனி ஏன் கசிகிறது? கடலோர வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் பாம்பே டோஸ்ட் செய்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இதுதான். கல்லிலிருந்து எடுக்கும்போது சீனி மொறுமொறுவென்று இருக்கிறது, தட்டில் வைத்துப் பத்து நிமிடத்தில் பிசுபிசுத்துவிடுகிறது. உடனே கடைக்காரர் கொடுத்த சீனியைக் குறை சொல்வோம், இல்லாவிட்டால் அடுத்த முறை இரண்டு ஸ்பூன் கூடப் போடுவோம். இரண்டாலும் பயன் இல்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினால் சீனி தானாகவே தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். உருகிப் பாகாகி இறுகிய சீனி இன்னும் வேகமாக இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அடிக்கிற காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாலே தெரியும். நாம் பார்த்துச் செய்கிற செய்முறைகள் பலவும் இந்தக் காற்றைக் கணக்கில் எடுத்து எழுதியவை அல்ல.

ரொட்டியை முதல் நாள் இரவே வெளியே வைத்துக் காயவிடச் சொல்வது அப்படி ஒரு யோசனை. காய்ந்த ரொட்டி, நனைக்கிற முட்டை-பால் கலவையை நன்றாக இழுக்கும், தூக்கும்போது கிழியாது, அதெல்லாம் சரிதான். ஆனால் நம் ஊர் ராத்திரியில் அது காயாது, நமத்துப்போகும். அதற்குப் பதில் வெறும் தோசைக்கல்லில், சிறு தீயில், இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள். நிறம் மாற வேண்டாம், தொட்டால் வறண்டிருந்தால் போதும். ஃபிரிட்ஜில் இருந்து வறண்டுபோன ரொட்டியும் இதற்குத் தோதானதுதான். என்ன, மூடாமல் வைத்திருந்தால் பக்கத்தில் இருக்கும் மீன் வாடையும் சேர்ந்து வரும். முடிந்தால் பேக்கரியில் துண்டு போடாத முழு ரொட்டியாக வாங்கி, ஒரு விரல் கனத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் வரும் மெல்லிய துண்டுகள் நனைந்ததுமே துவண்டுவிடும்.

கலவையில் பாலைக் கூட்டிவிடுவது அடுத்த தவறு. 2 முட்டைக்கு அரை கப் பால், அதாவது சுமார் 120 மில்லி போதும். அதில் நாலைந்து துண்டு நனைக்கலாம். பால் கூடினால் அதை உறைய வைக்க முட்டைக்குத் தெம்பு இருக்காது, வெளியே சிவந்தும் நடுவில் கொழகொழவென்று இருக்கும். வெள்ளைக்கரு இழை இழையாகத் தெரியாத அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டோஸ்ட்டின் மேல் ஆம்லெட் துணுக்குகள் ஒட்டியிருக்கும். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலக்காய்த்தூள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பத்தின் ருசி பிடித்த வீடுகளில் மாட்டுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பாருங்கள், அருமையாக இருக்கும். முதல் பாலை மட்டும் ஊற்றினால் கொழுப்பு அதிகம், இரண்டாம் பாலும் கலந்துகொள்ளுங்கள். மெல்லிய துண்டைப் பக்கத்துக்கு 15, 20 விநாடி நனைத்தால் போதும், கனமான துண்டுக்கு ஒரு நிமிடம் வரை விடலாம்.

கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதியம் சீலா மீனோ பாறை மீனோ வறுத்த அதே இரும்புக்கல்லில் சாயங்காலம் டோஸ்ட் போடாதீர்கள். என்னதான் தேய்த்துக் கழுவினாலும் இரும்பில் ஏறிய எண்ணெயில் அந்த வாடை இருக்கும். சூடானதும் வெளியே வந்து முட்டையிலும் நெய்யிலும் நேரே ஏறிக்கொள்ளும். ஏலக்காயைக் கூட்டிப் போட்டு இதை மறைக்கவும் முடியாது. இனிப்புக்கு ஒரு கல்லைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். முட்டையும் பாலும் சேர்ந்த கலவை உறைய சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூடு போதும். சீனி உருகிப் பொன்னிறமாக 160 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் முடிக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான டோஸ்ட் கெட்டுப்போகக் காரணம். கலவையிலேயே சீனியை அள்ளிப் போடுகிறோம், ரொட்டியின் உள்பக்கம் வேகும் முன்பே வெளிப்பக்கம் கருகுகிறது. கருகுகிறதே என்று சீக்கிரம் எடுத்தால் உள்ளே பச்சை முட்டை. அதனால் கலவைக்கு ஒரு டீஸ்பூன் சீனிக்கு மேல் வேண்டாம்.

முதலில் மிதமான தீயில், கொஞ்சம் நெய் விட்டு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். வெண்ணெய் மட்டும் போட்டால் அதிலுள்ள பால் சத்து சீக்கிரம் கருகும், நெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. நடுவில் விரலால் அழுத்தினால் ஈரம் கசியாமல் மேலெழும்பி வர வேண்டும். அதற்குப் பிறகுதான் சீனி. மேல்பக்கம் ஒரு டீஸ்பூன் சீனியைப் பரவலாகத் தூவி, கல்லில் துளி நெய் விட்டு, சீனிப்பக்கம் கீழே வரும்படி திருப்பிப் போடுங்கள். கரண்டியால் அழுத்தாதீர்கள், நகர்த்தவும் வேண்டாம். அரை நிமிடம் போல ஆனதும் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும், வாசனை மாறும். உடனே எடுத்துவிடுங்கள். பொன்னிறத்துக்கும் கசப்புக்கும் நடுவில் சில விநாடிதான். ஜன்னல் ஓரத்து அடுப்பாக இருந்தால் தீ ஒரு பக்கமாகச் சாயும், ஒரு மூலை கருகி மறு மூலையில் சீனி உருகாமலே கிடக்கும். அந்த ஒரு நிமிடத்துக்கு ஜன்னலைச் சாத்துங்கள். எடுத்த கையோடு சீனிப்பக்கத்தைத் தொடவும் கூடாது, பிள்ளைகளிடம் கொடுக்கவும் கூடாது. பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், கொதிக்கிற தண்ணீரை விடச் சூடு.

பாகு வேண்டாம், சீனி மணல்மணலாக ஒட்டியிருந்தால் போதும் என்பவர்கள், வெந்த துண்டின் மேல் நெய் மினுமினுப்பு இருக்கும்போதே சீனியில் புரட்ட வேண்டும். ஆறிவிட்டால் ஒட்டாது. மிக்ஸியில் பொடித்த சீனி என்றால், ஆவி அடங்க ஒரு நிமிடம் பொறுங்கள், இல்லையேல் தூவிய இடத்திலேயே கரைந்து காணாமல் போகும்.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கையில் இருக்க வெள்ளைச் சீனி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் கருப்பட்டியைத் துருவித் தூவி மொறுமொறுப்பை எதிர்பார்ப்பது தவறு. அதில் ஏற்கெனவே ஈரம் உண்டு, கல்லில் பட்டதும் இளகிக் கருகும். கரைத்து, மண் போக வடிகட்டி, பாகாகக் காய்ச்சி, பரிமாறும்போது மேலே ஊற்றுங்கள். என்னைக் கேட்டால் சீனியில் முறுகலும் கருப்பட்டியில் மணமும் சேர்ந்ததுதான் ருசி.

செய்து முடித்ததைக் கெடுக்கிற தவறு ஒன்று பாக்கி இருக்கிறது. நோன்பு திறக்கும் நேரத்துக்கோ, பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கோ ஆகட்டுமே என்று முன்கூட்டியே சுட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஹாட்பாக்ஸில் அடுக்கிவிடுகிறோம். மூடிக்குள் ஆவி அடைபட்டுச் சீனி முழுக்கக் கரைந்துவிடும், அந்த நிலைமைக்குக் கடல்காற்றே தேவலை. முன்கூட்டிச் செய்தே ஆக வேண்டும் என்றால் சீனி போடாமல் வேகவைத்து, கம்பி வலைமேல் தனித்தனியாக ஆற விடுங்கள். இலையில் வைப்பதற்குச் சற்று முன் கல்லைச் சூடாக்கிச் சீனி வேலையை மட்டும் முடித்துக்கொள்ளலாம், துண்டுக்கு ஒரு நிமிடம்தான். மீந்த கலவையை மட்டும் இந்த வெக்கையில் வெளியே வைத்திருக்காதீர்கள், பச்சை முட்டை கெட நேரம் ஆகாது.

கல்லில் ஒட்டிய பாகைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானாகக் கரையும். அப்புறம் துடைத்து, மறுபடி அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி வையுங்கள். இங்கே ஈரத்தோடு வைத்த இரும்பில் மறுநாள் காலையிலேயே துரு தெரியும்.