ஏத்தத்தில் இழுக்காத டர்போ வண்டியை எப்படிச் சரிபார்ப்பது?

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். "அண்ணா, சூளகிரி தாண்டினா வண்டி இழுக்கவே மாட்டேங்குது, டர்போ போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி. பெரும்பாலும் அது போயிருக்காது. இன்ஜினுக்குள் போகும் காற்று சூடாக இருக்கும், அல்லது வழியில் கசியும்.

கடையில் வேலை கற்கும் பையன்களுக்கு இதைப் புரியவைக்க நான் வால்வோ 240 டர்போ காரைத்தான் உதாரணமாகச் சொல்வேன். பெட்டி மாதிரி இருப்பதால் அதற்குப் 'பறக்கும் செங்கல்' என்றே பெயர். 1985-ல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை எகன்பெர்கர் அணிக்காக பிரான்காடெல்லியும் லிண்ட்ஸ்ட்ரோமும் இதில் ஜெயித்தார்கள். எதிரில் இருந்தவை 3.5 லிட்டர் ரோவரும் பிஎம்டபிள்யூவும். வால்வோவுக்கு 2127 சிசி, நான்கு சிலிண்டர்தான். அன்றைய குரூப் ஏ (அந்தப் பந்தய வகை) விதியில் சிசி கூடினால் காரின் குறைந்தபட்ச எடையும் கூட வேண்டும், டர்போ இன்ஜினின் சிசியை 1.4 ஆல் பெருக்குவார்கள். அப்படிப் பெருக்கியும் 3 லிட்டருக்குள் அடங்கியதால், எதிரிகளைவிடக் குறைந்த எடையில் ஓட முடிந்தது.

அந்தச் சின்ன இன்ஜினிலிருந்து 300 குதிரைத்திறனுக்கு மேல் எடுத்தார்கள். காற்றை அழுத்தினால் அது சூடாகும், சூடான காற்றில் அடர்த்தி குறையும், பெட்ரோல் இன்ஜின் நாக்கிங் அடிக்கும் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும்). அதனால் இன்டர்கூலரோடு (அழுத்திய காற்றை ஆறவைக்கும் ரேடியேட்டர்) நிற்காமல், உள்ளே போகும் காற்றில் தண்ணீரையும் தெளித்தார்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும். எனக்கு அந்தக் காரில் ரொம்பப் பிடித்த வேலை இதுதான்.

நம் வண்டிக்குத் தண்ணீர் தெளிப்பு வேண்டாம், இருக்கும் இன்டர்கூலரைச் சுத்தமாக வைத்தால் போதும். முன்பக்கம் பாருங்கள். பூச்சியும் கிரானைட் லாரிகள் கிளப்பும் தூசியும் அடைந்திருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, வேகம் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். காற்று வரும் வழியை மறைத்து எக்ஸ்ட்ரா லைட்டோ பெயர்ப்பலகையோ மாட்டியிருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ஹோஸ்களை விரலால் தடவிப் பாருங்கள். இணைப்பில் புதிதாக ஆயில் ஈரம், தளர்ந்த கிளிப், ரப்பரில் வெடிப்பு ஏதாவது இருந்தால் அங்கேதான் காற்று போகிறது. டீசல் வண்டியில் இதோடு கரும்புகையும் வரும். ஏர் பில்டரும் அடைத்திருக்கலாம். பேப்பர் பில்டரை ஏர் அடித்து அடித்து ஓட்டாதீர்கள், கிழிந்தால் தூசி நேரே டர்போ பிளேடில் படும். புதிது மாற்றுங்கள்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும், ஆயில் படலத்தின் மேல்தான். மேனுவலில் உள்ள கிரேடு ஆயிலைச் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம். சேலத்திலிருந்து வேகமாக வந்து தொப்பூர் ஏறியதும் டீக்கு நிறுத்துகிறீர்களா? ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு ஆஃப் செய்யுங்கள். உடனே அணைத்தால் உள்ளே நிற்கும் ஆயில் வெந்து கரியாகும். ஏத்தத்தில் இன்ஜின் முக்கும்வரை டாப் கியரிலேயே பிடிக்காமல் ஒரு கியர் இறக்குங்கள், புகை வேகமாக வந்தால்தான் டர்போ சுற்றும்.

இவ்வளவும் சரியாக இருந்து, நீலப் புகையும் வந்து ஆயிலும் குறைந்தால், வண்டி ஆறியபின் இன்டேக் ஹோஸைக் கழற்றித் தண்டை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும். பிளேடு உறையை உரசிய தடம் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஓசூர் வரைகூட ஓட்ட வேண்டாம்.