கோர் படை என்பது தண்டமா? வார்ஹாமரில் படை தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் தப்புக் கணக்குகள்

வார்ஹாமர் ஃபேன்டசி என்பது பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் பகடை உருட்டி மோதும் ஆட்டம். ஒவ்வொரு வீரனுக்கும் பாயிண்டில் ஒரு விலை உண்டு. அதன் எட்டாம் பதிப்பு 2010-இல் வந்தபோது படை தேர்ந்தெடுக்கும் முறை சதவீதக் கணக்குக்கு மாறியது. மொத்தப் பாயிண்டில் குறைந்தது 25 சதவீதம் கோர் யூனிட்டுகளுக்கு, அதாவது படையின் அடிப்படை வீரர் கூட்டங்களுக்கு, போக வேண்டும். கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2015-இல் அந்த ஆட்டத்தை நிறுத்தியது. 2024 ஜனவரியில் தி ஓல்ட் வேர்ல்ட் என்ற பெயரில் அந்த உலகம் திரும்பி வந்தபோதும் கோருக்கான 25 சதவீதம் அப்படியே இருந்தது. இங்கே எட்டாம் பதிப்பை வைத்தே பேசுகிறேன். பழைய குழுக்கள் இன்னும் அதை விடவில்லை, கோர் பற்றிய தப்புக் கணக்குகளும் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

முதல் தவறு அந்த 25 சதவீதத்தைத் தண்டம் அழுவதுபோலப் பார்ப்பது. 2,400 பாயிண்ட் ஆட்டத்தில் 600 பாயிண்ட் கோர். டிராகன், பீரங்கி, பெரிய மந்திரவாதி எல்லாவற்றையும் ஆசை ஆசையாக எழுதி முடித்துவிட்டு, மிச்சத்துக்கு மலிவான ஆட்களைப் போட்டு 600-ஐ நிரப்பி மேசை ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த 600 எதுவும் செய்யவில்லை என்றால் நீங்கள் 1,800 பாயிண்ட் படையை வைத்துக்கொண்டு 2,400 பாயிண்ட் படையோடு மோதுகிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, எத்தனை பேரைக் கொல்லும் என்பதை மட்டும் வைத்து எடைபோடுவது. எம்பயர் என்ற மனிதர் படையில் ஹால்பர்டு (நீளக் கைப்பிடிக் கோடரி) வீரனா, கேடயமும் வைத்திருக்கும் வாள் வீரனா என்று முடிவில்லாமல் சண்டை நடக்கும். சரி, போட்டுப் பார்த்துவிடுவோம். எதிரே இலகு கவசமும் கேடயமும் கொண்ட ஆர்க் அரக்கர் கூட்டம். ஹால்பர்டின் பத்து அடியில் ஐந்து படும், இரண்டரை காயமாகும். கவசமும், கேடயம் தரும் பாரி என்ற கூடுதல் தடுப்பும் தடுத்ததுபோக ஏறக்குறைய 1.7 ஆர்க் விழும். வாள் வீரனுக்குக் கைத்திறன் அதிகம், பலம் குறைவு. அதே பத்து அடியில் 1.2 ஆர்க். ஹால்பர்டு ஜெயித்துவிட்டது என்று இங்கேயே பலர் நிறுத்திவிடுவார்கள். ஆர்க்குகள் திருப்பி அடிப்பதை யார் எண்ணுவது? முதல் சுற்றில் சாப்பா என்ற ஆர்க் ஆயுதம் தரும் கூடுதல் பலம் தீர்ந்த பிறகு, ஆர்க்குகளின் பத்து அடிக்கு ஹால்பர்டு பக்கம் 2.1 பேர் சாவார்கள், வாள் பக்கம் 1.4 பேர். கொடுத்ததையும் வாங்கியதையும் சேர்த்துப் பார்த்தால் வாள்தான் ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது.

ஆனாலும் விஷயம் அந்த மயிரிழையில் இல்லை. எட்டாம் பதிப்பில் காலாட்படையின் தலைவிதியை எழுதுவது ஸ்டெட்ஃபாஸ்ட் விதி. சண்டையில் தோற்ற யூனிட் ஓடாமல் நிற்க இரண்டு பகடை உருட்டி லீடர்ஷிப் (மன உறுதி) சோதனை செய்ய வேண்டும், கூட்டுத்தொகை லீடர்ஷிப்பைத் தாண்டக் கூடாது. எத்தனை புள்ளியில் தோற்றதோ அத்தனையை லீடர்ஷிப்பில் கழிக்க வேண்டும். எம்பயர் வீரனின் லீடர்ஷிப் 7. நான்கு புள்ளியில் தோற்றால் 3 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும், அதாவது 8 சதவீத வாய்ப்பு. ஓடிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதிரியைவிட உங்களுக்கு வரிசைகள் அதிகம் இருந்தால் கழித்தலே கிடையாது, அதுதான் ஸ்டெட்ஃபாஸ்ட். அதே 7-க்கு உருட்டுகிறீர்கள், 58 சதவீதம். முழுப் படைக்குமான கொடியை ஏந்தியவன் 12 அங்குலத்துக்குள் இருந்து மறுபடி உருட்டக் கிடைத்தால் 82 சதவீதத்தைத் தாண்டும். பக்கவாட்டில் வந்து இடித்தால் சண்டை முடிவில் வரிசைக்காகக் கிடைக்கும் போனஸ் புள்ளி போகும், ஸ்டெட்ஃபாஸ்ட் போகாது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எந்த ஆயுதமும் தராது.

இதன் உச்சம் ஸ்கேவன் என்ற எலி மனிதர் படையின் அடிமைகள். தலைக்கு 2 பாயிண்ட். 50 எலிகள் 100 பாயிண்ட், ஐந்து ஐந்தாக நிறுத்தினால் பத்து வரிசை. அவை யாரையும் கொல்லப் போவதில்லை. ஆனால் வரிசைக்கு ஒன்றாக மூன்று வரை லீடர்ஷிப் ஏறும் விதி ஸ்கேவனுக்கு உண்டு. அருகே தளபதி இருந்தால் அவனுடைய 7-உம் சேர்ந்து 10 ஆகிவிடும். எதிரியின் விலையுயர்ந்த யூனிட் ஒன்று சுற்றுக்கு ஏழெட்டு எலிகளை வெட்டிக்கொண்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும், அந்தக் கைகலப்புக்குள்ளேயே ஸ்கேவன் துப்பாக்கிகள் சுடலாம். எத்தனை கொன்றது என்ற பட்டியலில் அடிமைகளுக்குப் பூஜ்யம்தான். எதிரே ஆடியவரைக் கேட்டால் தெரியும் அவற்றின் மதிப்பு.

அதற்காகக் கோர் என்றாலே நின்று வாங்குகிற கூட்டம் என்று முடிவு கட்டுவதும் தவறு. கேயாஸ் படையின் வாரியர் கோர்தான். பலம் 4, உறுதி 4, ஆளுக்கு இரண்டு அடி. பிரெட்டோனியா படையில் குதிரை வீரர்களே கோர். அப்படிப்பட்டவர்களை இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பதுதான் வீண். ஆகவே கேள்வி இந்த யூனிட் நல்லதா என்பதல்ல, என் படையில் இதற்கு என்ன வேலை என்பதுதான். வேறொரு யூனிட் எதிரியைப் பிடித்து வைத்திருக்க, பக்கவாட்டில் அடிக்கப் போகிறவன் என்றால் ஹால்பர்டு. பிடித்து வைக்கப் போகிறவனே இவன் என்றால் வாளும் கேடயமும், அப்புறம் தலை எண்ணிக்கை.

வேலையை முடிவு செய்த பிறகும் நிறுத்தும் விதத்தில் கோட்டை விடுபவர்கள் உண்டு. முப்பது பேரைப் பத்து பத்தாக நிறுத்தினால் ஹோர்டு, மூன்றாம் வரிசையும் அடிக்கும். ஆனால் வரிசை மூன்றுதான். எதிரே இருபது பேர் ஐந்து ஐந்தாக நான்கு வரிசையில் வந்தால் உங்களுக்கு ஸ்டெட்ஃபாஸ்ட் கிடையாது. அதே முப்பது பேரை ஐந்து ஐந்தாக நிறுத்தினால் ஆறு வரிசை. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் ஐம்பது, அறுபது பேர் வேண்டியிருக்கும். அப்புறம் பாயிண்ட் எங்கே மிஞ்சும்?

சில்லறைச் செலவில் கஞ்சத்தனம் காட்டுவதும் உண்டு. யூனிட்டின் கொடி சண்டை முடிவில் ஒரு புள்ளி கூட்டும், இசைக்காரர் சமநிலையை உடைப்பார். இவை இரண்டையும் யோசிக்காமல் எடுக்கலாம். வீண் என்று பலர் விட்டுவிடுவது யூனிட்டின் தலைவனான சாம்பியனைத்தான். எதிரியின் பெரிய தலைவன் (லார்டு) ஒற்றைக்கு ஒற்றை அழைத்தால் இவன் முன்னே போய்ச் செத்துவிடுவான், அந்தச் சுற்றில் லார்டின் மற்ற அடிகள் கூட்டத்தின் மேல் விழாது. சாகத் தேவையானதைவிட அதிகமாக விழுந்த காயங்களுக்காக (மிகைக்கொலை) எதிரிக்குச் சில புள்ளிகள் கூடும். நீங்கள் ஸ்டெட்ஃபாஸ்ட் என்றால் அது சோதனையைப் பாதிக்காது.

பெட்டி வாங்கும் முன் இன்னொன்று. சில படைப் புத்தகங்களில் சில யூனிட்டுகள் கோர் பட்டியலில் இருந்தாலும் 25 சதவீதக் கணக்கில் சேராது. ஒரு வரி சிறிய எழுத்தில் கீழே இருக்கும், படித்துவிடுங்கள். பொம்மை நிற்கும் அடித்தட்டின் அளவும் முக்கியம். எட்டாம் பதிப்பில் மனிதக் காலாட்படைக்கு 20 மில்லிமீட்டர், ஓல்ட் வேர்ல்டில் 25. பத்து பேர் அகலம் 200-லிருந்து 250 மில்லிமீட்டர் ஆகிவிடும். இரண்டு தடைகளுக்கு நடுவே நுழைந்த யூனிட் இனி நுழையாமல் போகலாம். அட்டையை அந்த அளவுக்கு வெட்டி, அதன் மேல் யூனிட் பெயரை எழுதி நாலு ஆட்டம் ஆடிப் பாருங்கள். அறுபது பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.