உத்தியை அன்றாட வேலைக்குள் கொண்டுவருவது எப்படி?

ஒரு தொழிலின் உத்தி என்னவென்று அறிய விரும்பினால், அங்கே வேலை மிகவும் நெருக்கும் ஒரு மணி நேரம் அருகில் நின்று பாருங்கள். யாருடைய வேலை முதலில் நடக்கிறது, எது காத்திருக்கிறது என்பதில் அது தெரிந்துவிடும். முதலாளி சொல்லும் உத்தியும் அங்கே தெரிவதும் வேறுபட்டால், வாடிக்கையாளருக்குக் கிடைப்பது இரண்டாவதுதான்.

ஆகவே முதலில் உங்கள் உத்தியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்காக எதைக் கைவிடுகிறீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். கைவிட ஒன்றுமில்லை என்றால் அது வெறும் ஆசைதான்.

அடுத்து, அந்த உத்தி எந்த வளத்தின் பற்றாக்குறையால் தடைபடும் என்று கண்டறியுங்கள். என் கணிப்பில் மிகக் கடினமான கட்டம் இதுதான். இதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். பணம் தர இயலாதவர்களுக்கும் கண்புரை அறுவைச் சிகிச்சை கிடைக்க வேண்டும், அதற்கான செலவைக் கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாய் தாங்க வேண்டும் என்பது உத்தி. அது நிலைக்க ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஆகும் செலவு குறைய வேண்டும். செலவு குறைய எண்ணிக்கை பெருக வேண்டும். எண்ணிக்கைக்கு எல்லை கட்டுவது அறுவை மருத்துவரின் நேரம். எனவே அந்த நேரத்தைச் சுற்றியே அறுவை அரங்கின் வேலை முழுவதும் அமைக்கப்பட்டது. அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர்கள் ஆயத்தப்படுத்திவிடுவதால், மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு உடனே அடுத்த சிகிச்சையைத் தொடங்க முடிகிறது. மருத்துவரே செய்யத் தேவையில்லாத பணிகளைச் செய்ய, பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களுக்கு மருத்துவமனையே பயிற்சி அளித்தது. இறக்குமதியான உள்விழி லென்ஸின் விலை தடையானபோது, 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனம் தொடங்கப்பட்டு லென்ஸ் மதுரையிலேயே தயாரானது.

உங்கள் தொழிலுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். சொன்ன நாளில் பணியை முடித்துத் தருவதே ஓர் அச்சகத்தின் உத்தி என்றால், அங்கே அரிய வளம் இயந்திர நேரம். பிழை திருத்தி வாடிக்கையாளர் ஒப்புதல் தராத பக்கங்கள் இயந்திரத்தை நெருங்கவே கூடாது.

பிறகு ஊக்கத்தொகையைச் சரிபாருங்கள். அதே அச்சகம், பிடித்துவரும் ஆர்டர்களின் மதிப்பைக் கணக்கிட்டு விற்பனையாளருக்கு ஊக்கத்தொகை தந்தால், அவர் முடிக்க முடியாத நாளையும் வாக்களிப்பார். பழி இயந்திரம் ஓட்டுபவர் மேல் விழும். இது பெரிய அநீதி. வாக்களித்த நாளில் முடிந்த பணிகளின் எண்ணிக்கையையே இருவருக்கும் பொதுவான அளவுகோலாக்குங்கள்.

இறுதியாக, களத்தில் தெரியவருவது உத்தியைத் திருத்தவும் இடம் கொடுங்கள். அரவிந்தின் கிராம முகாம்களில் கண் பரிசோதனை செய்துகொண்டவர்களில் பலர், சிகிச்சை இலவசம் என்று அறிந்தும் மருத்துவமனைக்கு வரவில்லை; பயணச் செலவும் உணவுச் செலவும் அவர்களைத் தடுத்தன என்று தெரிந்தபின் மருத்துவமனை அவற்றையும் ஏற்றுக்கொண்டது. மாதம் ஒருமுறை மேற்பார்வையாளர்களை அழைத்து, நம் உத்தியைப் பின்பற்ற முடியாமல் போன நாள் எது, ஏன் என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.