டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

மதுரையில் சுங்குடிக் கடைக்கோ மெஸ்ஸுக்கோ வெப்சைட் போடுபவர்கள் பலர், டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், வாங்கும் வேலையையும் டிசைனரிடமே விட்டுவிடுகிறார்கள். அவர் தன் பெயரில், தன் மெயில் ஐடியில் பதிந்துவிட்டால் பதிவேட்டில் உரிமையாளர் அவர்தான். பணம் கட்டியது நீங்கள் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

அதனால் டொமைனைப் பதிந்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராரிடம் கணக்கை உங்கள் பெயரிலேயே திறங்கள். டாட் காம் (.com) பெயர்களுக்கு விதி வகுப்பது ஐகேன் (ICANN) என்ற சர்வதேச அமைப்பு. டாட் இன் (.in) பெயர்களைக் கவனிப்பது டெல்லியில் உள்ள நிக்ஸி (NIXI) அமைப்பு. எதுவானாலும் நிரந்தரமாகச் சொந்தமாகாது, ஒரு தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிய முடியும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். காலாவதி எச்சரிக்கை வருவதும் பதிந்த மெயிலுக்கே.

ஏற்கெனவே டிசைனர் பெயரில் இருக்கிறதா? சரி, உறவு நன்றாக இருக்கும்போதே உரிமையாளர் பெயரை மாற்றித் தரச் சொல்லி, டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீட்டையும் (டிரான்ஸ்ஃபர் கோட்) கேட்டு வாங்கிவிடுங்கள்.