'சிறுமைப்படுத்துதல்': எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஒருவரையோ அவர் மதிக்கும் ஒன்றையோ வேண்டுமென்றே மட்டமாகக் காட்டுவதுதான் சிறுமைப்படுத்துதல். அதனால் மனம் நோக ஓர் ஆள் இருக்க வேண்டும். அப்படி ஆள் இல்லாத இடத்தில் இதைப் போட்டால் வாக்கியம் இடறும்.

'டெங்குவைச் சிறுமைப்படுத்தாதீர்கள்' என்பது அந்த வகைத் தவறு. காய்ச்சலுக்கு மான அவமானம் கிடையாது. 'அலட்சியப்படுத்தாதீர்கள்' என்றோ 'லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்றோ எழுதினால் சரி.

அப்புறம், குறைத்து மதிப்பிடுவது வேறு. அலங்காநல்லூர் வாடிவாசலில் காளையின் வேகத்தைத் தப்பாகக் கணித்துத் தூக்கி வீசப்பட்ட மாடுபிடி வீரர் காளையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். கணக்குப் பிசகிவிட்டது, அவ்வளவுதான். உள்நோக்கம் எதுவும் இல்லை.

நாம் அதிகம் ஏமாறுவது 'வெறும்', 'தானே' என்ற சின்னச் சொற்களில். புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியையே எடுத்துக்கொள்வோம். துணியைத் துளித்துளியாகக் கிள்ளிப் பிடித்து, நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால், சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். அதைக் கட்டும் அம்மா, 'நான் வெறும் முடிச்சுதானே போடுறேன்' என்றால் அது தன்னடக்கம். பேரம் பேச வந்தவர், 'வெறும் புள்ளிச் சேலைதானேம்மா, குறைச்சுக் குடுங்க' என்றால் அது சிறுமைப்படுத்துதல். சொல் கிட்டத்தட்ட ஒன்றுதான், சொல்லும் வாய்தான் வேறு. அந்த அம்மா பேசியதை எழுதும்போது 'தன் உழைப்பைத் தானே சிறுமைப்படுத்திக்கொண்டார்' என்று முடிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

'சிறுமைப்பட்டார்' என்றால் அவமானத்துக்கு உள்ளானார். 'சிறுமைப்படுத்தினார்' என்றால் அவமானம் செய்தார். சில எழுத்துதானே என்று விட்டுவிட்டால் பழி ஆள் மாறிவிடும்.

குற்றச் செய்திகளில் இந்தச் சொல்லை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். மனைவியை அடித்தவனுக்காக, 'குடும்பம்னா இதெல்லாம் சகஜம்' என்று ஒருவர் பேசுகிறார். 'குற்றத்தைச் சிறுமைப்படுத்தினார்' என்று எழுதினால் குற்றத்துக்கே மரியாதை குறைந்துவிட்டது போலத் தொனிக்கும். குற்றத்துக்குச் சப்பைக்கட்டு கட்டினார், பூசி மெழுகினார் என்று எழுதுங்கள். சிறுமைப்படுத்தப்பட்டவர் அடிபட்ட அந்தப் பெண். அந்தச் சொல்லை அவர் பக்கத்தில் வையுங்கள்.