டிராக்டரை ஜாக்கியில் தூக்கும் முன்

நீலகிரி மலையில் கேத்தி, எமரால்டு பக்கம் மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் ஊரில் சமதளம் கிடைப்பதே அபூர்வம். மழை பெய்துவிட்டால் தோட்டத்து மண் ஜாக்கியை அப்படியே விழுங்கும். அதனால் வண்டியை சமமான சிமென்ட் தரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கலப்பையைக் கீழே இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. உள்ளே சீல் கசிந்தால் எண்ணெய் அழுத்தம் குறைந்து வண்டி இறங்கிவிடும். தூக்கியதும் அச்சுக்கு அடியில், எடைக்கு ஏற்ற ஸ்டாண்ட் வையுங்கள். வீடு கட்டி மிச்சமான ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். முன்பக்கம் தூக்கினால் இன்னொரு வேலை: முன் அச்சு நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடும், அச்சுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு செருகிவிடுங்கள்.